பெங்களூரு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால்

சனிக்கிழமை, 2018 மார்ச் 17, இரவு 8 மணிக்குப் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) இறுதிப் போட்டி. பெங்களூரு எஃப்சியும் சென்னையின் எஃப்சியும். செவ்வாய்க்கிழமை அரையிறுதியில் சென்னை கோவாவை 3-0 என்று அனுப்பி வைத்ததிலிருந்து நம் ஆட்கள் எழுதுவதைப் படித்தால், நம் பயிற்சியாளர் ஜான் கிரகோரி கோப்பையை வாங்கி அதோடு சென்னைக்கு ரயிலும் ஏறிவிட்டார் என்றுதான் தோன்றும். ஜெஜெ இப்படி அடிப்பார், ரஃபேல் அப்படி ஓடுவார், கதை முடிந்தது. எனக்கு இந்த மாதிரி முன்னோட்டங்களில் பெரிய நம்பிக்கை இல்லை. நம் அணியைப் பற்றி நமக்குத் தெரிந்ததையே நாமே நமக்குச் சொல்லிக்கொள்வதில் என்ன இருக்கிறது? அதனால் ஒரு மாற்றத்துக்கு, அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து பார்க்கிறேன். பெங்களூரு பயிற்சியாளர் ஆல்பர்ட் ரோகாவுக்குப் பக்கத்து நாற்காலி. அங்கிருந்து பார்த்தால் சென்னை எப்படித் தெரியும், எதற்குப் பயப்படுவேன், எதைக் கண்டுகொள்ள மாட்டேன் என்பதுதான் விஷயம். நான் சென்னை ரசிகன்தான், அதில் மாற்றமில்லை, யாரும் திட்ட வேண்டாம்.

முதலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவுடன் தெரிகிற காட்சி ரொம்ப வசதியாக இருக்கிறது. லீக்கில் 18 ஆட்டங்களில் 40 புள்ளிகள், 13 வெற்றி. இரண்டாவதாக வந்த நமக்கு 32. எட்டுப் புள்ளி வித்தியாசம் என்பது பத்து அணிகள் ஆடுகிற சின்ன லீக்கில் சாதாரணமில்லை. லீக்கில் 35 கோல் போட்டு 16 வாங்கியிருக்கிறார்கள், நாம் 24 போட்டு 19 வாங்கியிருக்கிறோம். அரையிறுதியையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் சங்கடமாக இருக்கும்: அவர்களின் மிக்கு 14, சேத்ரி 13, ஆக இரண்டே பேர் 27 கோல். சென்னை அணி மொத்தமும் சேர்ந்து, கணேஷ், தாபா, செரெனோ என எல்லாரையும் கணக்கில் எடுத்தும், 28. ஜனவரி நடுவில் டெல்லியில் தோற்ற பிறகு இந்தத் தொடரில் பெங்களூரு யாரிடமும் தோற்கவில்லை. எடு கார்சியா மாதிரி ஒருவர் பாதியில் சீனாவுக்குக் கிளம்பிப் போயும் வண்டி நிற்கவில்லை. இதற்கு மேல் ஆட்டம் அவர்கள் மைதானத்தில், அவர்கள் கூட்டத்துக்கு முன்னால். கொல்கத்தாவில் நடப்பதாக இருந்த இறுதிப் போட்டி பெங்களூருக்கு வந்து சேர்ந்ததில் நமக்குக் கடுப்பு இருக்கலாம், ஆனால் அந்த நாற்காலியில் இருப்பவருக்கு அது லட்டு.

சரி, இவ்வளவு வசதியாக இருக்கிறவர் எதற்குப் பயப்பட வேண்டும்?

ஐஎஸ்எல் வரலாறு ஒரு காரணம். இது நான்காவது சீசன். இதற்கு முந்தைய மூன்று சீசன்களில் லீக்கில் முதலிடம் பிடித்த அணி ஒருமுறைகூடக் கோப்பையைத் தூக்கியதில்லை. 2014-இல் முதலிடம் நாம்தான், அரையிறுதியில் கேரளாவிடம் போனோம். கொச்சியில் 3-0 வாங்கிவிட்டு, சென்னையில் அதே 3-0-வைத் திருப்பிக் கொடுத்து, கூடுதல் நேரத்தில் இன்னும் மூன்றே நிமிடம் இருக்கும்போது கேரளாவின் ஸ்டீபன் பியர்சன் அடித்தாரே, அதை இன்னும் சிலர் பேசவே விடமாட்டார்கள். 2015-இல் கோவா முதலிடம், இறுதிப் போட்டியில் தோற்றது. 2016-இல் மும்பை முதலிடம், அரையிறுதியோடு சரி. அடுத்தது, சொந்த மைதானத்தில் இறுதிப் போட்டி ஆடிய அணிகள்: 2015-இல் கோவா, 2016-இல் கேரளா. இரண்டும் தோற்றன. அதிலும் கோவா தோற்றது யாரிடம்? 90-வது நிமிடம் வரை 2-1 என்று முன்னால் இருந்துவிட்டு, அவர்கள் கீப்பரின் சேம் சைடு கோல் ஒன்று, மெண்டோசாவின் கோல் ஒன்று என்று வாங்கி நம்மிடம் 3-2. முதலிடம், சொந்த மைதானம் இரண்டும் கோவாவிடம் இருந்தது. இப்போது அதே இரண்டும் பெங்களூரிடம் இருக்கிறது, எதிரில் அதே சென்னை. ராசி, ஜாதகம் எல்லாம் நான் பார்ப்பதில்லை, ரோகாவும் பார்க்க மாட்டார். ஆனால் கண்டீரவாவில் வந்து உட்காரப்போகிற ஆயிரக்கணக்கான பேருக்கு இது தெரியும். 70 நிமிடம் தாண்டி ஸ்கோர் 0-0 அல்லது 1-1 என்று இருந்தால் அந்தக் கூட்டத்தின் சத்தம் மாறும், அது மைதானத்துக்குள் இறங்கும். பெங்களூரு ரசிகர் கூட்டமான வெஸ்ட் பிளாக் ஆட்கள் விடாமல் பாடுவார்கள், அவர்களைச் சொல்லவில்லை. மற்ற ஸ்டாண்டுகளைச் சொல்கிறேன்.

இன்னொரு அழுத்தமும் இருக்கிறது, இது பெங்களூருக்கே உரியது. 2013-இல் ஆரம்பித்த கிளப். முதல் சீசனிலேயே தேசிய லீக்கான ஐ-லீக் பட்டம், அடுத்து ஃபெடரேஷன் கோப்பை, மறுபடி ஐ-லீக், மறுபடி ஃபெடரேஷன் கோப்பை. இடையில் 2016-இல் ஆசிய கிளப்களுக்கான ஏஎஃப்சி கோப்பை இறுதிப் போட்டி வரை போய் ஈராக்கின் விமானப்படை அணியிடம் 1-0 என்று தோற்றார்கள், இந்திய கிளப் எதுவும் அதுவரை அங்கே போனதில்லை. சீசனுக்கு ஒரு கோப்பை என்று பழகிவிட்டவர்கள். ஐஎஸ்எல் ஆட்கள் பணத்தையும் நட்சத்திரத்தையும் வைத்து ஆடுகிறார்கள், நாங்கள் முறையாகக் கட்டிய கிளப் என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர்கள் (சொல்வதில் நியாயமும் இருக்கிறது, பொறாமையோடுதான் சொல்கிறேன்). அப்படி வந்து, முதல் சீசனிலேயே எல்லாரையும் அடித்துப் போட்டுவிட்டு, கடைசி ஆட்டத்தைச் சொந்த வீட்டில் தோற்றால் அந்த 40 புள்ளியை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? லீக்கில் முதலிடம் பிடித்ததற்கு இந்தத் தொடரில் இந்த 2018 சீசன் வரை பெரிய மரியாதை எதுவும் கிடையாது. அது அபத்தம் என்று பலமுறை சொல்லியாகிவிட்டது, யாரும் கேட்பதாக இல்லை.

இப்போது ஆட்டத்துக்கு வருவோம்.

இந்த சீசனில் இரண்டு அணிகளும் இரண்டு முறை ஆடியாகிவிட்டது, இரண்டிலும் வெளியூர் அணி ஜெயித்தது. பிப்ரவரி 6 அன்று சென்னையில் நடந்ததை ரோகா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். இரண்டாவது நிமிடத்திலேயே போய்த்தாங் ஹாவ்கிப் கோல் போட்டார். பிரான்சிஸ் பெர்னாண்டஸ் சமன் செய்தார், பிறகு மிக்கு, கடைசி நேரத்தில் சேத்ரி, 3-1. அன்று நாம் பந்தைத் துரத்திக்கொண்டு முன்னால் ஏறினோம், பின்னால் திறந்துவிட்ட இடத்தில் அவர்கள் குடித்தனமே நடத்தினார்கள். சென்னை கோலுக்காக முன்னேறி வந்தால் பெங்களூருக்கு வேலை சுலபம். இதை எழுதிக் கீழே கோடு போட்டு வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் டிசம்பர் 17 அன்று இதே கண்டீரவாவில் நடந்தது வேறு. ஐந்தாவது நிமிடத்தில் ஜெஜெ. அதற்குப் பிறகு 80 நிமிடம் பெங்களூரு பந்தை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது, 85-வது நிமிடத்தில் ஒருவழியாகச் சேத்ரி சமன் செய்தார். மைதானமே எழுந்து நின்றது. மூன்றே நிமிடம், தனபால் கணேஷ் 2-1. கிரகோரியின் சென்னை என்ன மாதிரி அணி என்று கேட்டால் எல்லாரும் அந்த 88-வது நிமிட கோலைச் சொல்வார்கள். நான் அதற்கு முந்தைய 80 நிமிடத்தைச் சொல்வேன். பந்து தன்னிடம் இல்லையே என்று அந்த அணிக்குக் கவலையே கிடையாது. பெட்டிக்கு முன்னால் கணேஷும் பிக்ரம்ஜித்தும், அவர்களுக்குப் பின்னால் மைல்சனும் செரெனோவும், நாலு பேரும் நடுவை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். பக்கத்தில் போய் கிராஸ் போடு, போட்டுக்கொள் என்று விட்டுவிடுவார்கள். சலிப்பான ஆட்டம் என்று திட்டலாம், நம்மிலேயே நிறையப் பேர் திட்டியிருக்கிறோம். ஆனால் எதிரணி நாற்காலியிலிருந்து பார்க்கும்போது இதைவிட எரிச்சலான அணி இந்தத் தொடரில் இல்லை.

அதனால் முதல் கோல் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்பது பெங்களூருக்குச் சாதாரண வாக்கியம் இல்லை. அவர்கள் முதலில் அடித்தால், சென்னை தன் கூட்டைவிட்டு வெளியே வர வேண்டும், பிப்ரவரி ஆட்டம் திரும்ப வரும். சென்னை முதலில் அடித்தால் டிசம்பர். ஆகவே ரோகா ஆரம்பத்திலேயே வேகமாக இறங்குவார் என்றுதான் நினைக்கிறேன், முதல் 15, 20 நிமிடத்துக்குள் ஒன்று போட்டுவிட வேண்டும் என்று. எங்கிருந்து வரும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை: வலது பக்கம், உதாந்தா சிங். புனேவுக்கு எதிரான அரையிறுதியில் உதாந்தா வலதிலிருந்து போட, சேத்ரி தலையால் முட்டியதில்தான் ஆரம்பித்தது, அப்புறம் ஹாட்ரிக் ஆனது. சனிக்கிழமை உதாந்தாவுக்கு எதிரில் நம் ஜெர்ரி, 19 வயதுப் பையன். நல்ல பையன், இடது காலில் கார்னர், ஃப்ரீ கிக் எல்லாம் அழகாக எடுப்பான், ஆனால் உதாந்தா பந்தைத் தள்ளிவிட்டு ஓடும்போது அவரோடு சமமாக ஓடுகிற டிஃபென்டர் இந்தியாவில் ரொம்பக் குறைவு. நான் ரோகாவாக இருந்தால் முதல் பத்து நிமிடம் ஒவ்வொரு பந்தையும் அந்தப் பக்கமே அனுப்பச் சொல்வேன். ஜெர்ரிக்கு ஒரு மஞ்சள் அட்டை கிடைத்தால் போதும், ஆட்டம் பாதி கைக்கு வந்த மாதிரி.

சேத்ரி இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்து உள்ளே நழுவி வருவார், அதைத்தான் நாம் கவனிக்காமல் விடுகிறோம். எல்லாரும் மிக்குவைப் பார்ப்பார்கள், ஏனென்றால் மிக்கு பந்தை வாங்கித் திரும்புகிற விதம் அப்படி, நம் இரண்டு ஸ்டாப்பர்களையும் (நடு டிஃபென்டர்களை) தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடுவார். நம் வலது பக்க டிஃபென்டர் கால்டெரான் உள்ளே ஒரு கண், வெளியே ஒரு கண் என்று இரண்டு மனதாக நிற்கும்போது, அந்த இடைவெளியில் ஒருவர் 33 வயதில் குனிந்து பாய்ந்து தலையால் அடிப்பார். வயசாகிவிட்டது என்று ஒவ்வொரு வருடமும் யாராவது எழுதுகிறார்கள். எழுதியவர்கள்தான் ஓய்வுபெறுகிறார்கள்.

பெங்களூருக்கு நடுவில் டிமாஸ் டெல்காடோவும் எரிக் பார்தாலுவும். இதில் டெல்காடோவை யாரும் தொந்தரவு செய்யாவிட்டால் ரஃபேல் அகஸ்டோவுக்கு அன்று பந்தே கிடைக்காது. ரோகா பார்சிலோனாவில் அப்போதைய பயிற்சியாளர் ரைக்கார்டிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர், பந்து தன் காலில் இருக்க வேண்டும் என்கிற பள்ளிக்கூடம். கீப்பர் குர்ப்ரீத்தின் காலிலிருந்தே ஆட்டத்தைக் கட்டுவார்கள். இதைப் பெங்களூரு பக்கம் உட்கார்ந்து பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, அழகு என்றால் கொஞ்சம் அளவுக்கு மீறிய அழகு. அவர்களின் ஸ்டாப்பர்கள் ஹுவானனும் ஜான்சனும் மேலே ஏறி நிற்பார்கள், ஒரு பாஸ் தவறினால் முன்னால் நம் கிரகோரி நெல்சன் ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருப்பார். (பயிற்சியாளர் ஒரு கிரகோரி, விங்கில் இன்னொரு கிரகோரி, வர்ணனையாளர்கள் பாவம்.)

இந்த நெல்சன்தான் எனக்கு அந்த நாற்காலியில் தூக்கத்தைக் கெடுக்கிற ஆள். ஜெஜெ இல்லை, ரஃபேல் இல்லை. கோவாவுக்கு எதிரான செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் முதல் இரண்டு கோல்களையும் திரும்ப ஓடவிட்டுப் பாருங்கள், 26-வது நிமிடம், 29-வது நிமிடம். இரண்டும் நெல்சன் போட்ட பந்து, இரண்டும் தலையால் அடித்தது, ஒன்று ஜெஜெ, ஒன்று கணேஷ். அந்த வீடியோவில் பந்தைப் பார்க்காமல் கோவா டிஃபென்டர்களைப் பாருங்கள். யாரும் தூங்கவில்லை, எல்லாரும் அவரவர் இடத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் நின்ற இடத்திலிருந்து எம்பப் பார்க்கிறார்கள், சென்னைக்காரர்கள் ஓடி வந்து எம்புகிறார்கள். பந்து பறந்து வருகிற வேகத்துக்கு, ஓடி வருகிறவன்தான் ஜெயிப்பான்.

பெங்களூருக்கு இதில் என்ன பிரச்சினை, அவர்களிடம்தான் உயரமான ஆட்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். இருக்கிறார்கள். பார்தாலு தென்னை மரம் மாதிரி நிற்பார், ஹுவானன், ஜான்சன், பின்னால் குர்ப்ரீத். அவர்களே கார்னரில் கோல் அடிக்கிற அணி. ஆனால் உயரம் வேறு, கார்னர் வரும்போது யார் யாரைப் பிடிப்பது என்பது வேறு. சென்னை ஒரு கார்னருக்கு மைல்சன், செரெனோ, கணேஷ், ஜெஜெ என்று நாலு பேரை உள்ளே அனுப்பும், நாலு பேரும் தலையால் கோல் போடத் தெரிந்தவர்கள். ஹுவானனும் ஜான்சனும் ஆளுக்கு ஒருவரைப் பிடிப்பார்கள், பார்தாலு ஒருவர். நாலாவது ஆளை யார் பிடிப்பது? பேக்கேயா, சுபாசிஷா, அல்லது மிக்குவைக் கீழே இறக்குவதா? மிக்குவை இறக்கினால் கவுண்டருக்கு முன்னால் ஆள் இல்லை. இந்தக் கணக்கை ரோகா இந்த வாரம் பயிற்சி மைதானத்தில் எத்தனை முறை போட்டுப் பார்த்தாரோ. அரையிறுதியில் புனே அவர்கள்மீது அடித்த ஒரே கோலும் நின்ற பந்திலிருந்துதான், லூக்காவின் ஃப்ரீ கிக். ஓடுகிற ஆட்டத்தில் பெங்களூரைத் திறப்பது கஷ்டம், இது எல்லாருக்கும் தெரியும். கிரகோரிக்கு இன்னும் நன்றாகத் தெரியும், அவர் இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லாவை நடத்தி, எஃப்ஏ கோப்பை இறுதிப் போட்டி வரை கொண்டுபோனவர், கார்னரையும் ஃப்ரீ கிக்கையும் மதிக்கிற ஊரில் தொழில் பழகியவர். அதனால் சனிக்கிழமை சென்னை பெட்டிக்குள் நுழையத்தான் பார்க்கும் என்று நான் நினைக்கவில்லை. கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் பந்தைக் கொண்டுபோய், யார் காலிலாவது பட்டு வெளியே போகச் செய்யப் பார்க்கும். ஒரு கார்னர் கிடைத்தால் அது அவர்களுக்குப் பாதிக் கோல்.

ஆகவே ரோகா பெஞ்சிலிருந்து நான் சொல்லக்கூடிய ஒரே அறிவுரை: கார்னர் கொடுக்காதே. இது கேட்க முட்டாள்தனமாக இருக்கும், கால்பந்தில் கார்னர் கொடுக்காமல் எப்படி ஆடுவது? ஆனால் அழுத்தம் வரும்போது பந்தைத் தன் கோல் பக்கத்து எல்லைக்கோட்டுக்கு வெளியே அடித்து நிம்மதியாக மூச்சு விடுகிற பழக்கத்தை இந்த ஒரு ஆட்டத்துக்காவது விட வேண்டும். வெளியே அடிப்பதானால் பக்கக் கோட்டுக்கு அடி, த்ரோவாகப் போகட்டும்.

கப்ராவைப் பற்றி ஒரு வரி. 2015-இல் கோவாவில் நம்மோடு நின்று கோப்பை தூக்கியவர், இப்போது அந்தப் பக்கம். இறங்கினால் நம் ஸ்டாண்டிலிருந்து நாலு வார்த்தை கேட்பார், அது அவருக்கும் தெரிந்திருக்கும். இந்த மைதானத்தில் கடைசி நிமிடங்களில் சென்னை என்ன செய்யும் என்று உடை மாற்றும் அறையில் சொல்லத் தெரிந்த ஆள் அவர்தான்.

உடம்புக் களைப்பு விஷயத்தில் எது யாருக்குச் சாதகம் என்று சொல்வது கொஞ்சம் சிக்கல். பெங்களூரு அரையிறுதியை ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிட்டது, நாம் செவ்வாய்க்கிழமைதான் முடித்தோம். ஆனால் அவர்களுக்கு நடுவில் புதன்கிழமை ஏஎஃப்சி கோப்பையில் டாக்கா அபாஹானியோடு ஒரு ஆட்டம், 1-0 என்று ஜெயித்தார்கள். இரண்டு தொடரையும் ஒரே வாரத்தில் சமாளிக்கிற அளவுக்கு ஆள்பலம் அவர்களிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை. ரோகாவிடம் இறக்குவதற்கு ஆள் இருக்கும். கிரகோரி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தால் தாபா இருக்கலாம், தோய் சிங் இருக்கலாம், அதற்கப்புறம் யோசிக்க வேண்டும். அதனால் கூடுதல் நேரம் வரை போனால் பெங்களூருக்குத்தான் நல்லது, அந்த 30 நிமிடத்தில் நம் கால்கள் கனக்க ஆரம்பிக்கும், உதாந்தாவைப் பிடிக்க ஜெர்ரியால் முடியாது. 90 நிமிடத்துக்குள் முடிந்தால் எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும் முன் ஸ்கோர் சொல்லியாக வேண்டுமே. பெங்களூரு ரசிகனாக 2-1 என்று சொல்வேன், சேத்ரி ஒன்று, மிக்கு ஒன்று, சென்னைக்குக் கார்னரிலிருந்து ஒன்று. அந்த ஒன்று முதல் பாதியிலேயே வந்துவிட்டால் மட்டும் இந்தக் கணிப்பைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.